வாசலில் நிற்கும் வருணாசிரமம்

(நெட்டுக்குப்பத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இங்கு என்னைப் பேச அழைத்த தோழர்கள், "கடவுளைப் பற்றிப் பேசப்போகிறீர்களா, கலியாணச் சடங்கைப் பற்றிப் பேசப்போகிறீர்களா?" என்று கேட்டார்கள். "இரண்டும் இன்றைக்கு வேண்டாம், வாசற்படியைப் பற்றிப் பேசுகிறேன்" என்று சொன்னேன். வாசற்படியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நம் தலைவர் அவர்களுக்கே ஆச்சரியமாயிருந்தது. பெரிய படிப்பாளிகளும் உத்தியோகஸ்தர்களும் தொழிலதிபர்களும் மாநாடு என்றும், கருத்தரங்கு என்றும், ஆலோசனைக் கூட்டம் என்றும் கூடுகிறார்களல்லவா? அந்தக் கூட்டங்கள் நடக்கும் இடத்தின் வாசலில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது, இடுப்பில் என்ன கட்டியிருக்கவேண்டும், காலில் என்ன போட்டிருக்கவேண்டும் என்று விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் வாசகசாலையில் கிடைத்த புத்தகங்கள்தான். ஆதலால் நான் சொல்வதில் தப்பிருந்தால் கூட்டம் முடிந்ததும் தாராளமாய் எழுந்து கேளுங்கள்.

முதலில் என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டலில், கடலோரமும் ஆற்று முகத்துவாரமும் கெட்டுப்போவதைப் பற்றி ஒரு மாநாடு கூட்டினார்கள். ஓட்டலின் பெயரும் கூட்டினவர்கள் பெயரும் இங்கு வேண்டியதில்லை. இன்ஜினீயர்கள், புரொபசர்கள், வக்கீல்கள், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி" என்று ஒரு மீனவப் பெரியவருக்கும் அச்சடித்த காகிதம் அனுப்பி அழைத்திருந்தார்கள். அவருக்குத் துணையாக நான் போனேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆற்றிலும் கடலிலும் இறங்கினவர் அவர். வெளுத்த சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கைலி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. நான் கால்சட்டை போட்டிருந்தேன். அதுவும் முட்டி வெளுத்துப்போனதுதான்.

வாசலில் காவலாள், "கைலியோடு விடமாட்டாங்க ஐயா" என்றான். காகிதத்தைக் காட்டினோம். உள்ளேயிருந்து ஒரு கோட்டுக்காரர் வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார், மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டார். ஆனால், "இது எங்கள் விதியல்ல, ஓட்டல் விதி" என்றார். ஓட்டல் மனேஜரைக் கேட்டால், "மாநாட்டார் முன்னதாகச் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்" என்றார். இவர் அவரைக் கைகாட்ட, அவர் இவரைக் கைகாட்ட, அரைமணி நேரம் போயிற்று. கடைசியாக, யாரோ ஒரு டிரைவரிடம் கால்சட்டை ஒன்று இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பெரியவர் சிரித்தார். "தம்பி, நீ போய்ப் பேசிட்டு வா, எனக்கு வலை வேலை கிடக்குது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் அவரோடு திரும்பியிருக்கவேண்டும். ஊர் ஊராய்ச் சுயமரியாதை பேசுகிற நான், அவரைப் பஸ் ஏற்றிவிட்டு உள்ளே போனேன். உள்ளே நல்ல குளிர். திரையில் படம் போட்டு ஒரு கனவான், ஆற்றில் எந்த மாதம் எந்த இறால் வரும், மின்சார நிலையத்துச் சாம்பல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, முகத்துவாரம் எங்கே தூர்ந்திருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் எது சரி, எது தப்பு என்று எழுந்து சொல்லக்கூடிய ஒரே மனுஷர் அந்த நேரம் பஸ்ஸில் திருவொற்றியூரைத் தாண்டிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் மீன் இருந்தது. அதையும் சாப்பிட்டேன். அந்த மீன் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

தோழர்களே, ஏதோ படியாதவன், ஏழை, அதனால் தடுத்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். படித்தவனுக்கும், படித்தவனுக்குத் தீர்ப்பு எழுதுகிறவனுக்குமே இந்தக் கதி நடந்திருக்கிறது. 2014-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, சென்னை ஹைகோர்ட்டில் அப்போது ஜட்ஜாயிருந்த து. அரிபரந்தாமன் அவர்கள், சேப்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போனார். கூப்பிட்டுத்தான் போனார். வேட்டி கட்டியிருந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேட்டி கட்டியிருந்த வக்கீல்கள் ஆர். காந்தி, ஜி.ஆர். சுவாமிநாதன் இருவருக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. கூட்டம் வக்கீல்களும் ஜட்ஜுகளும் கூடுகிற கூட்டம். புத்தகம் எழுதியவரும் ஓய்வுபெற்ற ஜட்ஜ். அப்படியிருந்தும் விதியென்றால் விதி! மறுநாள் முதல் பத்திரிகைகளில் அமர்க்களம். சட்டசபையில் எல்லாக் கட்சிக்காரரும் எழுந்து கண்டித்தார்கள். அடுத்த ஆகஸ்டு மாதத்திலேயே சட்டம் வந்துவிட்டது. கிளப்பானாலும் சங்கமானாலும் கம்பெனியானாலும், பொது இடத்தில் வேட்டி கட்டினவனைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் ரத்தாகும்.

சட்டம் வந்தது நல்ல காரியம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எதைக் காப்பாற்றுகிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடை" என்ற கருத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். அதாவது, உள்ளே போகிற உரிமை உன் வேட்டிக்கு உண்டு; வேட்டிக்குள் இருக்கிற மனுஷனுக்கு உண்டா என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. நம் பெரியவருடைய கைலி பண்பாடா, பண்பாடில்லையா? "அதுவும் பாரம்பரியந்தான்" என்று ஒரு வக்கீல் கோர்ட்டில் நின்று வாதாடலாம். ஆனால் அன்றைய வலை வேலையை விட்டுவிட்டு அந்தக் கேசை நடத்தப்போகிறவன் யார்? ஜட்ஜைத் தடுத்தால் ஒரு மாதத்தில் சட்டம் வருகிறது. கைலிக்காரனைத் தடுத்தால் இரவல் கால்சட்டை வருகிறது.

இந்த மாதிரிச் சங்கதி முன்னேயும் நடந்ததுண்டு. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளக்கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் செய்த அட்டூழியம் உங்களுக்குத் தெரியும். பல வருஷம் அடிதடியும் கலகமும் நடந்து, சென்னைக் கவர்னர் டிரெவெலியன் துரையும் நெருக்கின பிறகு, 1859-ம் வருஷம் மகாராஜா விளம்பரம் போட்டார். என்னவென்று போட்டார்? மூடிக்கொள்ளலாம், கிறிஸ்தவப் பெண்களைப்போல் ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், அல்லது மீனவ முக்குவத்திகளைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக்கூடாது என்று போட்டார். பாருங்கள், கொடுத்த உரிமையிலும் ஒரு வால் வைத்தே கொடுத்தார்கள். அந்த வால் நுனியில் நம் கடற்கரைப் பெண்களின் துணியைத்தான் தாழ்ந்ததற்கு அளவுகோலாக வைத்தார்கள்.

அது மலையாள ராஜ்யம், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1930-ம் வருஷம் டிசம்பரில், இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டையும் பனியனும் கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. 1931-ம் வருஷத்து சென்சஸ் கமிஷனராயிருந்த ஹட்டன் துரை இதைத் தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே சட்டை போட்டால் குற்றம். கிளப்பில் காலர் இல்லாத சட்டை போட்டால் குற்றம். அங்கே செருப்புப் போட்டால் உதை. கிளப்பில் பூட்ஸ் போடாவிட்டால் வெளியே. திருச்செந்தூர்க் கோவிலுக்கோ குருவாயூர்க் கோவிலுக்கோ போனால், ஆண்பிள்ளை சட்டையைக் கழற்றவேண்டும். குருவாயூரில் கால்சட்டையையும் மாற்றி வேட்டி கட்டவேண்டும். அதே ஆள் அன்று சாயந்திரம் கிளப்புக்குப் போனால் வேட்டியை மாற்றிக் கால்சட்டை போடவேண்டும். ஒரே நாட்டில் ஒரே மனுஷனுடைய ஒரே இடுப்பு. சாமி ஒன்று சொல்கிறது, கிளப்பு ஒன்று சொல்கிறது. இரண்டு இடத்திலும் "ஏன்?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "அது வழக்கம்."

வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் பட்டணத்தில் மெட்ராஸ் கிளப் என்பது 1832-ல் ஏற்பட்டது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்டது. இந்தியன் அதில் மெம்பராக முடியாது. வெள்ளைக்காரன் கப்பலேறின பிறகுங்கூடப் பல வருஷம் அப்படியே இருந்தது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் கதை இன்னும் விசேஷமானது. அங்கு வெள்ளைக்காரரோடு விளையாடப் போன நம்மவர்களுக்கு, சாப்பாட்டு நேரத்தில் பெவிலியனுக்குள் இடமில்லை என்றும், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றும், அந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று தனியாக ஆரம்பித்தார் என்றும் சொல்வார்கள். அதே சேப்பாக்கத்தில், அந்த மரத்தடியிலிருந்து எழுந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்துகிற கிளப்பில்தான் வேட்டியை நிறுத்தினார்கள்! பம்பாயிலும் இதே கூத்துத்தான். இந்தியரும் வெள்ளையரும் சேர்ந்து புழங்க இடம் வேண்டுமென்றே கவர்னர் வில்லிங்டன் பிரபு பெயரால் ஒரு கிளப் ஏற்பட்டது. 1980-களில் ஓவியர் எம்.எப். உசேன் காலில் செருப்பில்லாமல் வந்தார் என்று அந்தக் கிளப்பிலேயே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மாமியார் கையிலிருந்த கரண்டி மருமகள் கைக்கு மாறினால் அடி மட்டும் மாறுவதில்லை.

வெள்ளைக்காரனாவது இதைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தானா என்றால் அதுவும் இல்லை. 1931-ல் காந்தியார் இடுப்புத் துணியோடும் போர்வையோடும் லண்டன் அரண்மனைக்குப் போனார். ஜார்ஜ் மன்னர் உள்ளே விட்டுத் தேநீரும் கொடுத்தார். நம் வண்ணாரப்பேட்டை தியாகராயச் செட்டியார் அவர்கள் இளவரசர் வந்தபோதுகூடத் தமது வெள்ளுடையை விடவில்லை என்றும், கவர்னர் அதற்குச் சம்மதித்தார் என்றும் வடசென்னையில் கிழவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். "வெள்ளுடை வேந்தர்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். ராஜா வீட்டு வாசல் விட்டது. ஓட்டல் வாசல் விடவில்லை.

இதற்கு எதிராளிகள் சொல்லும் சமாதானங்கள் சில உண்டு. முதலாவது, "எங்கள் சொந்த இடம், எங்கள் விதி, உன் வீட்டில் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லையா?" என்பது. என் வீட்டுக்கு நீ வருவது என்னைப் பார்க்க. மாநாடு அப்படியல்ல. மீனவனைப் பற்றி, அவன் ஆற்றைப் பற்றி, அவன் பிழைப்பைப் பற்றித் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்பப்போகிறாய். அந்தத் தீர்மானம் நாளைக்கு அவன் வலையில் வந்து விழப்போகிறது. அந்த இடத்தை உன் வீடு என்று எப்படிச் சொல்லுவாய்? டாக்டர்கள் மாநாட்டில் நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்கள், இன்ஜினீயர்கள் மாநாட்டில் குடியிருப்பவனைப் பற்றிப் பேசுகிறார்கள். சம்பந்தப்பட்டவன் வாசலில் நின்றால், உள்ளே பேசுவதற்கு வம்பு என்றுதான் பெயர்.

இரண்டாவது, "விதியே வேண்டாமென்கிறாயா?" என்பது. அப்படிச் சொல்ல நான் பைத்தியக்காரனா? இதோ பக்கத்தில் துறைமுகத்துக்குள் போனால் தலைக்குத் தொப்பி போடு, காலில் கெட்டிப் பூட்ஸ் போடு என்கிறார்கள். மேலே இரும்பு தொங்குகிறது, கீழே ஆணி கிடக்கிறது. பெட்ரோல் இருக்கிற இடத்தில் தீப்பெட்டி கூடாது என்கிறார்கள். ஆபரேஷன் அறையில் டாக்டர் வாயைக் கட்டிக்கொள்கிறார். இவற்றுக்குக் காரணம் கேட்டால் வாசலில் நிற்கிற காவலாளே சொல்லிவிடுவான், நமக்கும் புரியும், மந்திரி வந்தாலும் விதி ஒன்றுதான். கைலியைத் தடுக்கிற விதிக்கு அந்தக் காவலாளைக் காரணம் கேளுங்கள். பாவம், தலையைச் சொறிவான். (அவன்மேல் கோபப்படாதீர்கள். வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நிற்கிற காண்டிராக்டு கூலி அவன். வீட்டுக்குப் போனால் அவன் கட்டுவதும் கைலிதான்.)

மூன்றாவது, "கௌரவம், நாகரிகம்" என்பது. இந்தக் கௌரவத்தின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்ப்போம். கழுத்துப்பட்டி என்கிற டை எங்கே பிறந்தது? பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துக்குச் சண்டை போட வந்த குரோவேஷியக் கூலிப்படைச் சிப்பாய்கள் கழுத்தில் முடிந்துகொண்ட துணி அது. பிரெஞ்சுக் கனவான்களுக்கு அது பிடித்துப்போய், அவர்களும் முடிந்துகொண்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரே குரோவேஷியன் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். கட்டம் போட்ட கைலித் துணியின் கதை என்ன? சென்னைப் பக்கத்துத் தறிகளில் நெய்து, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் போன துணி. அந்த நாடுகளில் அதற்குப் பெயரே "மெட்ராஸ்" என்பதுதான். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் பணக்காரப் பிள்ளைகள் அதைக் கோட்டாகத் தைத்துப் போட்டுக்கொண்டு கிளப்புகளுக்குப் போனார்கள். சாயம் ஓடுவதைக்கூட ஒரு அழகென்று விளம்பரம் செய்து விற்றார்கள். நியூயார்க்கில் உள்ளே போகிற துணி மெட்ராசில் வாசலில் நிற்கிறது. ஆகவே துணியில் ஒன்றும் இல்லை தோழர்களே. துணியைப் பார்த்து ஆளை மதிப்பிடுகிறார்கள். ஆளை நேராகத் தடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு துணியைத் தடுக்கிறார்கள்.

கையில் டிக்கெட்டு வைத்திருந்தும் தடுப்பார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், 2023 மார்ச்சு மாதம் கோயம்பேட்டில் ஒரு சினிமாக் கொட்டகையில் நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2021 கடைசியில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு ஏறின ஒரு வயதான அம்மாளை, நாற்றமடிக்கிறதென்று சர்க்கார் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். நம் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு மாலில், மகனோடு படம் பார்க்க வந்த விவசாயியை வேட்டி கட்டியிருக்கிறார் என்று நிறுத்தினார்கள். இந்த மூன்றிலும் பிற்பாடு பரிகாரம் நடந்தது. கொட்டகைக்காரர்கள் அப்புறம் உள்ளே விட்டார்கள். பஸ் ஊழியர்களைச் சஸ்பெண்டு செய்தார்கள். பெங்களூர் மாலை ஏழு நாள் மூட சர்க்கார் உத்தரவு போட்டது. எல்லாம் சரி. ஏன் நடந்தது? யாரோ கையிலிருந்த டெலிபோனில் படம் பிடித்துவிட்டார்கள், அல்லது அந்த அம்மாள் பஸ் நிலையத்திலே நின்று கத்தின கத்தலை யாரோ பதிவு செய்துவிட்டார்கள். படம் பிடிக்காத நாளில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? நம் பெரியவரை யார் படம் பிடித்தார்கள்? பக்கத்திலிருந்த நானே பிடிக்கவில்லையே!

மாநாட்டுப் பந்தலில் மனுஷனை மனுஷன் ஒதுக்குகிற வழக்கத்துக்கும் நம் நாட்டில் நல்ல சரித்திரம் இருக்கிறது. 1895-ல் பூனாவில் காங்கிரஸ் கூடியபோது, அதுவரை காங்கிரஸ் முடிந்ததும் அதே பந்தலில் நடந்துவந்த சமூக சீர்திருத்த மாநாட்டுக்குப் பந்தலைக் கொடுக்கக்கூடாதென்று மிரட்டித் துரத்தினார்கள். ராஜ்யம் வேண்டுமென்று பேசுவதற்குப் பந்தல் உண்டு, விதவைக்கு வாழ்வு வேண்டுமென்று பேசுவதற்குப் பந்தல் இல்லை! 1901-ல் கல்கத்தாக் காங்கிரசுக்குப் போன நம் தமிழ்நாட்டு டெலிகேட்டுகள் செய்த காரியத்தைக் காந்தியாரே தம் சுயசரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பிறர் கண் பட்டாலே தீட்டு என்று, அவர்களுக்காகத் தட்டி கட்டித் தனிச் சமையலறை போட்டார்களாம். சமையல், சாப்பாடு, கைகழுவல் எல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே. டெலிகேட்டுகளுக்குள்ளேயே இவ்வளவு தீண்டாமையென்றால் அவர்களை அனுப்பின ஊர்களில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றிற்றாம். நியாயமான கணக்குத்தான்.

இதற்கு மாற்று எப்படிச் செய்வதென்பதையும் நம் நாட்டிலேயே காட்டினவர்கள் இருக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் அவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த காலத்தில், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகளுக்கு, ஏற்றாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அதில் உடையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பண்பாட்டைப் பற்றியும் இல்லை. மனுஷன் காசு கொடுக்கிறான், ஏற்று. இல்லாவிட்டால் வண்டியை ஓட்டாதே, அவ்வளவுதான். 2014-ம் வருஷத்துச் சட்டத்தை எழுதினவர்கள் லைசென்ஸ் சங்கதியை மறக்காமல் எழுதினார்கள். வேட்டி என்ற இடத்தில் மனுஷன் என்று எழுதியிருந்தால் இன்று நான் இங்கே இதைப் பேச வேண்டியிருந்திருக்காது.

இப்போது நாம் செய்யவேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். பெரிய தொழிற்சாலைகள், துறைமுகங்கள், மின்சார நிலையங்கள் கட்டுவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கவேண்டும் என்று 2006-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிக்கை ஒன்று இருக்கிறது. எண்ணூர்க்காரர்களுக்கு அது பழக்கமான சங்கதிதான். குறைந்தது முப்பது நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்கவேண்டும், கூட்டத்தைத் திட்டம் வருகிற இடத்திலோ அதற்கு மிகவும் பக்கத்திலோ நடத்தவேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டங்கள் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பது வேறு பேச்சு. அதற்கு ஒரு ராத்திரி முழுவதும் வேண்டும். ஆனால் விதி நல்ல விதி. பாதிக்கப்படுகிறவன் நடந்து வரக்கூடிய இடத்தில் கூட்டம் நடத்து என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதையே நாம் மாநாட்டுக்காரர்களுக்கும் சொல்லவேண்டும். இனிமேல் நம் குப்பத்திலிருந்து யாரையாவது எந்தச் சங்கமாவது, காலேஜாவது, சர்க்கார் இலாகாவாவது பேசக் கூப்பிட்டால், போவதற்கு முன் ஒரு காகிதம் எழுதிக் கேளுங்கள்: "கைலியும் ரப்பர் செருப்புமாக வந்தால் உள்ளே விடுவீர்களா? எங்கள் பாஷையில் பேசினால் கேட்பீர்களா? கூடை இறக்கி வைக்க இடம் உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்று எழுதிக் கொடுத்தால் போங்கள். இல்லையென்றால், "எங்கள் குப்பத்துக்கு வந்து கூட்டத்தை நடத்துங்கள்; கோட்டுப் போட்டவர்களையும் நாங்கள் உள்ளே விடுவோம்" என்று பதில் எழுதுங்கள். வேட்டி கட்டிக்கொண்டு போய்ச் சமாளித்துக்கொள்வோம் என்று மட்டும் யாரும் யோசனை சொல்லவேண்டாம். வேட்டிக்குப் பணிந்தால் நாளைக்குச் சரிகைக் கரை கேட்பான்.

அப்படி ஒருவரைத் தடுத்தால், கூடப் போனவர் உள்ளே போகக்கூடாது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனி ஒரு விஷயம் பாக்கி. இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. வலைச் சண்டை, எல்லைச் சண்டை, கம்பெனி கொடுக்கிற நஷ்ட ஈடு, ஆற்றில் எண்ணெய் கலந்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, எல்லாம் அங்கேதான் தீர்கிறது. அந்தப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருகிறார்களா? பெரும்பாலான குப்பங்களில் இல்லை. மீனைக் கரையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் விற்றுக் காசாக்குகிறவர்கள் யார்? கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்கள் யார்? ஆற்றில் எண்ணெய் மிதந்தபோது கூடை காலியாய்க் கிடந்து பிழைப்புப் போனவர்கள் யார்? அவர்கள் தூரத்தில் சுவரோரம் நின்று கேட்டுவிட்டுப் போகவேண்டும், ஏனென்றால் "அது வழக்கம்." ஓட்டல்காரன் சொன்ன அதே சொல்! அவனாவது இரவல் கால்சட்டை தருகிறேன் என்றான். நீங்கள் அதுவும் தருவதில்லை. புடவை கட்டியிருப்பதுதான் உங்கள் வாசலில் குற்றம்.

"பெண்களுக்கு அங்கே பேசப் பிரியமில்லை" என்று ஒரு தோழர் காலையில் என்னிடம் சொன்னார். மெட்ராஸ் கிளப் வெள்ளைக்காரனும், இந்தியனுக்கு எங்களோடு சாப்பிடப் பிரியமில்லை என்றுதான் சொல்லியிருப்பான். கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னீர்களா என்று அவரைக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். அடுத்த பஞ்சாயத்துக் கூடுவதற்கு முன் வீட்டுக்கு வீடு போய்க் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

நான் இவ்வளவு நேரம் பேசியதில் உங்களுக்கு ஒப்பாதது ஏதாவது இருக்கலாம். மைக்கை அந்தப் பக்கம் எடுத்துப் போங்கள், தம்பி. ஆண்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம். பின்னால் மணலில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.